நெய்தல் மணலில் ஒரு மலைப்பூ: டேலியா வாங்கிய கடையும் இரண்டு பருவ அனுபவமும்

திருக்கோணமலையில் டேலியா பூக்குமா என்று கேட்பவர்களுக்கு, ஐப்பசியில் நட்டால் தையில் பூக்கும், சித்திரையில் நட்டால் வைகாசி முடிவதற்குள் கருகிவிடும் என்று இப்போது என்னால் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது. இதை எனக்குக் கற்பித்தவர், நிலாவெளி வீதியோரத்தில் தகரக் கூரையும் பச்சை நிழல் வலையுமாகச் சிறிய பூங்கன்றுக் கடை ஒன்றை நடத்திவரும் பெண்மணி. இரண்டு பருவங்களாக அவரிடம் கிழங்குகளும் கன்றுகளும் சாடிக்கலவையும் வாங்கி, உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டு மணல் வளவில் வளர்த்துப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடையைப் புகழ எனக்குப் போதிய காரணங்கள் உண்டு. ஆனால் அங்கு விற்கப்படும் ஒரு பொருளை வாங்க வேண்டாம் என்று சொல்லவும் காரணம் உண்டு.

மலையகப் பாடசாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் படிப்பித்த காலத்தில், டேலியாவை யாரும் அருமையான செடியாகக் கருதி நான் பார்த்ததில்லை. தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களின் வாசலில், தண்ணீர்க் குழாய்க்கு அருகில், கோழிக்கூட்டின் ஓரத்தில் என்று எங்கும் அது தானாகவே எழுந்து, கைப்பிடி அகலத்துக்குச் சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும். மழைக்குச் சாய்ந்த தண்டை ஒரு கயிற்றால் வேலியோடு கட்டிவிடுவதைத் தவிர அதற்கென்று எவரும் எதுவும் செய்ததாக நினைவில்லை. ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது நான் மிகவும் இழந்ததாக உணர்ந்தது அந்தப் பூவைத்தான். ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், நகரில் வேறோர் இடத்தில், முழுமையாகப் பூத்த டேலியாச் சாடி ஒன்றைக் கண்டதும் விலை பேசாமல் வாங்கினேன். அதை விற்றவர், நாளுக்கு இருமுறை தண்ணீர் ஊற்றினால் ஆண்டு முழுவதும் பூக்கும் என்றார். இருபத்திரண்டாம் நாள் சாடியில் எஞ்சியிருந்தது, அழுகி நாற்றமெடுத்த கிழங்கு மட்டுமே.

அந்தச் செடி ஏன் மடிந்தது என்பதை விளங்கிக்கொள்ள அதன் பிறப்பிடத்தை அறிய வேண்டும். டேலியா மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள மலைகளுக்கு உரிய பல்லாண்டுச் செடி. மெக்சிக்கோவிலிருந்து அனுப்பப்பட்ட விதைகள் 1789ஆம் ஆண்டு மட்ரிட் அரச தாவரவியற் பூங்காவை அடைந்தன. அங்கே அவற்றை வளர்த்த கவனில்லெஸ் என்ற தாவரவியலாளர், 1791இல், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் அந்தர்ஸ் டால் என்பவரின் நினைவாக அதற்குப் பெயரிட்டார். 1963இல் மெக்சிக்கோ அதனைத் தன் தேசிய மலராக்கிக்கொண்டது. அதன் சொந்த மலைகளில் பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் உண்டு. மழைக்காலத்தில் தளிர்த்துப் பூத்து, வறட்சி வந்ததும் மேற்பாகம் முழுவதும் பட்டுப்போக, மண்ணுக்குள் கிழங்காக உறங்குவது அதன் இயல்பு.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா இந்த இயல்புக்கு மிகவும் பொருந்துகிறது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பநிலை ஆறு அல்லது ஆறரைப் பாகை குறையும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தாலே, அந்த ஊர் எங்கள் கரையைவிடப் பன்னிரண்டு பாகை அளவுக்குக் குளிர்ந்தது என்பது தெரியும். பலரும் நினைப்பதுபோல் இங்கே வெயில் அதிகம் என்பது முதற்குறை அன்று. டேலியாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் தேவை. பகலின் நீளத்திலும் நுவரெலியாவுக்கும் எங்களுக்கும் இடையில் சில நிமிட வேறுபாடே உண்டு. குறை எங்கள் இரவில் இருக்கிறது. பகலில் இலை சமைத்த மாச்சத்தையும் வெல்லத்தையும் செடி இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு எவ்வளவு வெக்கையாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாகச் செலவழிக்கிறது. கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் நள்ளிரவுக்குப் பின்னும் சுவர்கள் சூடு கக்கும் ஊரில், பூவுக்கும் கிழங்குக்கும் என்று அந்தச் செடியால் எதையும் மிச்சம் பிடிக்க முடியாது. இந்த நிலையில் வாடிய இலையைப் பார்த்து நாம் மேலும் மேலும் தண்ணீர் ஊற்ற, வெதுவெதுப்பான ஈரத்தில் கிழங்கு அழுகுகிறது. நான் செய்த கொலை அப்படித்தான் நடந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு பங்குனி இறுதியில் நிலாவெளி வீதிக் கடைக்கு முதன்முறையாகப் போனேன். நிழல் வலையின் கீழே ஒரு மூலையில் நான்கு டேலியாச் சாடிகள் இருந்தன. இரண்டில் பூவும் இருந்தது. விலை கேட்டேன். அந்தப் பெண்மணி விலை சொல்லவில்லை.

“இப்ப கொண்டு போகாதீங்க ரீச்சர், கச்சான் தொடங்கப் போகுது. கொண்டு போனா நீங்க என்னைத்தான் பேசுவீங்க. புரட்டாதி கடைசியில மலையில இருந்து கிழங்கு வரும், அப்ப வாங்க, நல்லதாப் பார்த்து நானே எடுத்துத் தாறன்” என்றார்.

கையில் பணத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்பும் கடையை நான் அதிகம் கண்டதில்லை. ஆறு மாதம் காத்திருந்து புரட்டாதியில் மீண்டும் சென்றேன். இந்தக் கடைக்கு நான் தரும் முதன்மையான பாராட்டு இதற்கே உரியது: மலைநாட்டுச் செடியை இங்கே விற்பவர் பஞ்சாங்கம் பார்த்து விற்க வேண்டும், அவர் அப்படியே விற்கிறார்.

கிழங்குகள் நுவரெலியாப் பக்கத்திலுள்ள அவருடைய உறவினரின் மரக்கறித் தோட்டத்திலிருந்து, மரக்கறி லொறியில், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வந்து சேர்கின்றன. தும்புத் தூள் நிரப்பிய மரப்பெட்டியில் அவை அடுக்கப்பட்டிருந்த விதம் எனக்கு நம்பிக்கை தந்தது. டேலியாக் கிழங்கு வாங்குபவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியை அவர் ஒரு கிழங்கைக் கையில் எடுத்தே காட்டினார். உருளைக்கிழங்கில் உடம்பெங்கும் கண்கள் இருப்பதுபோல் டேலியாக் கிழங்கில் இருப்பதில்லை. பழைய தண்டு கிழங்கோடு சேரும் கழுத்துப் பகுதியில் மட்டுமே முளைக்கண் இருக்கும். அந்தக் கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு பருத்துப் பளபளப்பாக இருந்தாலும், மண்ணில் வேர்விட்டாலும்கூட, ஒருபோதும் தளிர்க்காது. அவர் பெட்டியில் கழுத்து முறிந்த கிழங்குகள் ஏழெட்டு இருந்தன. அவற்றைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். அறியாத ஒருவருக்கு அவற்றையும் விற்றிருக்க முடியும்.

அந்தப் பருவத்தில் கிழங்கொன்று 450 ரூபாவுக்கும், தண்டுக் கிளையிலிருந்து வேர்பிடிக்கச் செய்த சிறு கன்று 300 ரூபாவுக்கும் கிடைத்தன. நான் ஐந்து கிழங்குகளும் நான்கு கன்றுகளும் வாங்கினேன். இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு, கிழங்கையே பரிந்துரைப்பேன். கன்றுகள் மார்கழி அடைமழையில் மிகவும் துன்பப்பட்டன. கிழங்கிலிருந்து வந்தவை, தம்மிடம் சேமிப்பு இருந்ததனாலோ என்னவோ, தொடர்ந்து ஆறு நாள் சூரியனைக் காணாத போதும் நிமிர்ந்தே நின்றன.

இனக்குறிப்புகளில் கடை சறுக்குகிறது. வெள்ளை என்று எழுதிக் கட்டிய கிழங்கு ஊதாவாகப் பூத்தது. மஞ்சள் என்றது மஞ்சளாகவே பூத்தது. “பெரிய சிவப்பு” என்றது சிவப்பாகவும் மிகச் சிறியதாகவும் வந்தது. பெட்டியில் அடுக்கும்போது துண்டுகள் இடம்மாறியிருக்கலாம். விதையிலிருந்து வளர்க்கும் டேலியா தாயைப்போல் வராது என்பது உண்மை. ஆனால் கிழங்கு தாயின் நிறத்தையே தர வேண்டும், ஆகையால் இதனைக் கடையின் கவனக்குறைவாகவே கொள்கிறேன். நிறம் பொருத்தி வரிசையாக நட விரும்புபவர்கள் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். எனக்கு எந்த நிறம் வந்தாலும் மகிழ்ச்சியே என்பதால் நான் முறையிடவில்லை. முறையிட்ட ஒரு அயலவருக்கு அடுத்த பருவத்தில் ஒரு கிழங்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டதை அறிவேன்.

நான் வாங்க வேண்டாம் என்று சொல்லும் பொருள், அங்கே உரப்பையில் கட்டி விற்கப்படும் சாடிக்கலவை. அதில் பாதிக்கு மேல் தும்புத் தூள். மீதி கூட்டெருவும் சிறிது மண்ணும். கச்சான் காலத்துச் செவ்வரத்தைக்கும் குரோட்டனுக்கும் அது நல்ல கலவையாக இருக்கலாம். எங்கள் ஊரின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது, டேலியாவை நடுவதும் அதே காலத்தில்தான். கடற்பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைத்திருக்கும் அந்தக் கலவையில் வைத்த மூன்று கிழங்குகளில் இரண்டு கார்த்திகை நடுப்பகுதியில் அழுகின. வளவின் ஓரத்தில், எங்கள் சொந்த மணலில் மூன்றுக்கு ஒரு பங்கு கூட்டெருவும் ஒரு பங்கு காய்ந்த மாட்டெருவும் சேர்த்து, ஓரடி உயரத்துக்கு மேடாக்கி நட்டவை ஒன்றுகூட அழுகவில்லை. மண் ஏழையாக இருக்கிறது என்று நாங்கள் எந்நாளும் குறைப்பட்டுக்கொள்ளும் கரையோர மணல், அடைமழைக் காலத்தில் இந்தக் கிழங்குக்குப் பெரிய காவல். 750 ரூபா கொடுத்துக் கலவை வாங்குவதைவிட அந்தப் பணத்துக்கு மாட்டெரு வாங்குவது மேல். இதைக் கடைக்காரரிடமே சொன்னேன். இரண்டாம் பருவத்தில் டேலியாவுக்கென்று மணல் கூட்டிய கலவை ஒன்றைத் தனியே வைத்திருந்தார். அதை நான் இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை.

நடும் முறையில் அவர் சொன்னவை பெரும்பாலும் சரியாக இருந்தன. கிழங்கைப் படுக்கையாக, கழுத்து சற்று மேலே இருக்குமாறு, நான்கைந்து அங்குல ஆழத்தில் வைத்து மூடவேண்டும். தளிர் மண்ணுக்கு மேலே வரும்வரை தண்ணீர் ஊற்றவே கூடாது. முட்டுக்கம்பை நடும் அன்றே ஊன்றிவிட வேண்டும், ஏனெனில் செடி வளர்ந்த பின் ஊன்றினால் கம்பு கிழங்கைக் குத்திவிடும், ஊன்றாமல் விட்டால் உட்துளையுள்ள அந்தத் தண்டு முதல் வாடைக்காற்றிலேயே முறிந்துவிடும். நான்கு சோடி இலைகள் வந்ததும் நடுக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் வரவில்லை. இரண்டு செடிகளில் கிள்ளினேன், மற்றவற்றில் கிள்ளாமல் விட்டேன். கிள்ளிய செடிகள் பக்கக்கிளை விரித்து இடுப்பளவு புதராகி, ஒவ்வொன்றும் இருபதுக்கு மேற்பட்ட பூக்களைத் தந்தன. கிள்ளாதவை ஒற்றைத் தண்டாக உயர்ந்து ஆறேழு பூவோடு நின்றுவிட்டன.

பசளை பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை, நானும் சுருக்கமாகவே சொல்கிறேன்: யூரியா வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை கருகருவென்று வரும், தண்டு பலவீனமாகும், பூ வராது. மொட்டு விடும் நேரத்தில் செடிக்கு ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலும் இரு வாரத்துக்கு ஒருமுறை மாட்டெருவைக் கரைத்துத் தெளியவைத்த நீரும் எனக்குப் போதுமாக இருந்தன.

தண்ணீரைப் பற்றி அவர் எச்சரித்திருக்க வேண்டும், எச்சரிக்கவில்லை. உப்புவெளி என்ற பெயரே எங்கள் நிலத்தின் கதையைச் சொல்கிறது. மாரி மழை ஓய்ந்து தை பிற்பகுதியில் கிணற்றிலிருந்து இறைக்கத் தொடங்கியதும் இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோல் பழுப்பாகக் கருகியது. நோய் என்று எண்ணி வேப்பெண்ணெய் அடித்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். பக்கத்து வீட்டு அண்ணை கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்து, இது செடிக்கு ஆகாது என்றார். அன்று முதல் மழைக்காலத்தில் பீப்பாய்களில் பிடித்த நீரையும் குழாய்நீரையும் மட்டுமே ஊற்றினேன். புதிதாக வந்த இலைகள் சுத்தமாக இருந்தன. கடற்கரையிலிருந்து அரை மைலுக்குள் வீடுள்ளவர்கள் எல்லோரும் இந்தக் கடைக்குப் போகிறார்கள். ஆகவே கிணற்று நீர் உவரா என்று கேட்டுவிட்டு விற்பது அவருடைய நல்ல வழக்கங்களோடு இன்னொன்றாகச் சேர வேண்டும்.

வாங்கிய நான்கு கன்றுகளில் ஒன்றின் இலைக்கக்கத்தில் வெண்மூட்டுப்பூச்சி இருந்ததையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாளில்தான் கண்டேன். சவர்க்காரக் கரைசலில் தோய்த்த துணியால் துடைத்துத் தனியே வைத்ததால் பரவவில்லை. புதிய கன்று எதையும் ஒரு வாரம் மற்றச் செடிகளிலிருந்து விலக்கி வைப்பது எந்தக் கடையில் வாங்கினாலும் நல்லது. நத்தைக்கு மட்டும் கடையைக் குறைசொல்ல முடியாது. மழை தொடங்கியதும் மதிலில் ஊர்ந்துவரும் ஆபிரிக்க நத்தைகளுக்கு டேலியாத் தளிரைப்போல் விருப்பமான உணவு வேறில்லை என்று தோன்றுகிறது. ஐப்பசி இரவுகளில் டோர்ச் வெளிச்சத்தில் அவற்றைப் பொறுக்கி உப்புநீர் வாளியில் போடுவதை என் பேரன் ஏற்றுக்கொண்டான்.

முதற்பூ தை 9ஆம் நாள் விரிந்தது. அந்த ஊதாவை நான் மலையில் கண்ட ஊதாவோடு ஒப்பிட விரும்பவில்லை என்றாலும் நேர்மையாகச் சொன்னால், அளவில் அது மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். தையின் குளிர்ந்த இரவிலும் எங்கள் வெப்பமானி 24 பாகையை ஒட்டியே நிற்பதால் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. பெரிய தட்டுப்போன்ற பூவினங்களை இங்கே விரும்பிக் கேட்பவர்கள் ஏமாறுவார்கள். சிறிய பந்துபோன்ற பொம்பொன் இனமும், ஒற்றையடுக்கு இதழுள்ள குட்டை இனமும் எங்கள் வெக்கையை நன்றாகவே தாங்கின. மாசி இறுதிவரை ஓயாமல் பூத்தவை அவையே. மாசி நடுவில் பெரிய இனங்களின் பூக்கள் இதழ் குறைந்து நடுவிலுள்ள மஞ்சள் குருத்து வெளியே தெரியத் தொடங்கின. பூவைச் சாமியறைக்கு வெட்டுபவர்கள் விடியற்காலையில், முக்கால் பங்கு விரிந்த பூவையே வெட்ட வேண்டும். மொட்டாக வெட்டினால் ரோசாவைப்போல் அது நீரில் விரியாது.

இந்தக் கடை செய்யும் மிகப் பயனுள்ள பணி ஒன்று உண்டு, அதனை விளம்பரப்படுத்தாமலே செய்கிறார்கள். குளிர்நாடுகளில் பனி கிழங்கைக் கொன்றுவிடும் என்பதால் மாரிக்கு முன் தோண்டி எடுத்து வைப்பார்கள். எங்களுக்கோ கச்சான் வெக்கைக்கு முன் தோண்ட வேண்டியிருக்கிறது. பங்குனியில் செடி மஞ்சளித்ததும் தண்டை அரையடி விட்டு வெட்டி, ஒரு வாரம் கழித்துக் கிழங்குக் கொத்தைக் கழுத்து முறியாமல் கிளறி எடுத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்திக் கடையில் கொடுத்தால், பெயர் எழுதிக் கட்டி, வெறுமையாகத் திரும்பும் மரக்கறி லொறியில் மலைக்கு அனுப்புகிறார்கள். புரட்டாதியில் திரும்ப வருகிறது. கொத்தொன்றுக்கு 150 ரூபா. முதற்பருவத்தின் முடிவில் நான் ஏழு கொத்துகள் கொடுத்தேன். ஆறு திரும்பி வந்தன, அவற்றில் ஐந்து தளிர்த்தன. காணாமற்போன ஒன்றுக்குக் கேட்காமலே பணத்தைத் திருப்பித் தந்தார். அதே பங்குனியில் பரீட்சித்துப் பார்ப்பதற்காக, கொத்துகளிலிருந்து கழுத்தோடு பிரித்தெடுத்த நான்கு துண்டுகளில் இரண்டைக் குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில், சற்றே ஈரமான தும்புத் தூளில் துளையிட்ட பையில் வைத்தேன், ஒன்று பிழைத்தது. கட்டிலின் கீழே மணலில் புதைத்து வைத்த இரண்டும் ஆடிக்குள் சுருங்கிக் காய்ந்த இஞ்சிபோலாகிவிட்டன. ஒருமுறை வாங்கிய கிழங்கை ஆண்டுதோறும் பெருக்கிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தால்தான் எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு இந்தச் செடி கட்டுப்படியாகும். அந்த நிலையை இந்தக் கடை உண்டாக்கியிருக்கிறது.

கடை காலை எட்டு மணிக்குத் திறந்து இருட்டும்வரை இருக்கும், வெள்ளிக்கிழமை பிற்பகலில் பூட்டு. லொறி வரும் நாள் நிலையானதன்று. புரட்டாதி மூன்றாம் வாரத்துக்குப் பிறகு தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது, ஏனெனில் வந்த மறுநாளே பொம்பொன் கிழங்குகள் தீர்ந்துவிடுகின்றன. இந்தப் பங்குனியில் ஒன்பது கொத்துகளைக் கொடுத்திருக்கிறேன். இம்முறை நிறத்தை நானே தகரத் துண்டில் ஆணியால் கீறி, ஒவ்வொரு கழுத்திலும் கம்பியால் கட்டி அனுப்பியிருக்கிறேன்.